எல்லா நாடுகளும் ஆதரிக்கவில்லை

2012 மார்ச் 22 ஆம் திகதி ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை இலங்கை தொடர்பான தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. பேரவையின் 47 உறுப்பு நாடுகளில் 24 நாடுகள் ஆதரவாகவும் 15 நாடுகள் எதிராகவும் வாக்களிக்க, 8 நாடுகள் நடுநிலை வகித்தன. அந்தக் காலத்தில் நான் திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து, கொழும்பில் வெளியான சிறிய ஆங்கிலச் சுற்றிதழ் ஒன்றுக்கு மாதம் ஒரு முறை உலக நடப்புகளைப் பற்றி எழுதி வந்தேன். தீர்மானம் நிறைவேறிய அன்றிரவே கட்டுரையை முடித்து அனுப்பினேன். வானொலியில் கேட்டதையும் இணையத்தில் படித்ததையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தே எழுதியிருந்தேன். எண்களில் பிழை இருக்கவில்லை. அந்த எண்களைச் சொல்லால் எடுத்துரைக்க நான் அமைத்த முதல் வாக்கியத்தில்தான் பிழை இருந்தது. ‘ஓல் தி கன்ட்ரீஸ் டிட் நொட் சப்போர்ட் தி ரெசொலூஷன்’ என்று எழுதியிருந்தேன்.

மறுநாள் காலையில் சுற்றிதழின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் நெடுங்காலம் ஆங்கிலப் பத்திரிகைத் துறையில் இருந்தவர். “பிள்ளை, ஒரு நாடும் ஆதரிக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறீர். இருபத்து நாலு நாடு ஆதரிச்சிருக்கே” என்றார். நான் அப்படி எழுதவில்லை என்று வாதிட்டேன். எல்லா நாடுகளும் ஆதரிக்கவில்லை, அதாவது சில ஆதரித்தன, சில ஆதரிக்கவில்லை என்பதுதான் நான் சொன்னது என்றேன். “நீர் நினைச்சது அது. எழுதினது இது” என்று சொல்லிவிட்டு, வாக்கியத்தின் தொடக்கத்தை ‘நொட் ஓல்’ என்று மாற்றி, அடுத்த வரியில் 24, 15, 8 என்ற எண்களையும் அவரே சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். பேசாமல் எழுந்துபோய் நன்னூலை எடுத்துவந்து, முழுமையைக் குறிக்கும் உம்மாகிய முற்றும்மை, சில இடங்களில் எச்சப்பொருளும், அதாவது எஞ்சியது உண்டு என்ற பொருளும், தரும் என்று கூறும் சூத்திரத்தைக் காட்டினார். ‘எல்லாரும் வந்திலர்’ என்றால் சிலர் வந்தனர் என்பது அதற்குள் அடங்கியிருக்கிறது. ‘எல்லாரும்’ என்பதில் உள்ள உம் முழுமையைக் குறிப்பது. எதிர்மறை வினை வந்து சேர்ந்ததும் அதே உம், வந்தவர் சிலர் உண்டு என்பதை உணர்த்திவிடுகிறது. ஒருவருமே வரவில்லை என்பதைச் சொல்ல நாம் ‘ஒருவரும்’ என்றோ ‘எவரும்’ என்றோதான் தொடங்குவோம். “உன்ரை தமிழ் பிழையில்லை பிள்ளை. அதை அப்பிடியே இங்கிலீசுக்குள்ளை கொண்டுபோனதுதான் பிழை” என்றார் அப்பா. ஆங்கிலத்திலும் அந்த அமைப்புக்கு இரண்டு பொருளும் கொள்ள இடமுண்டு என்பதைப் பின்னாளில் அறிந்துகொண்டேன். ஆனாலும் செய்தியைப் படிப்பவர் அவ்விரண்டில் எதை எடுத்துக்கொள்வார் என்பது எழுதியவரின் கையில் இல்லை. ஆகவே ‘ஓல்’ என்பதை எழுவாயில் வைத்து, வினையில் ‘நொட்’ சேர்ப்பதை அன்றோடு விட்டேன். எல்லாரும் இல்லை என்றால் ‘நொட் ஓல்’, ஒருவரும் இல்லை என்றால் ‘நோ’ அல்லது ‘நன்’ என்று முதற்சொல்லிலேயே எல்லையை வகுத்துவிடுகிறேன்.

அப்பா காட்டிய சூத்திரம் எனக்கு வேறொன்றையும் விளங்கவைத்தது. தமிழில் எல்லை வகுக்கும் சொல், பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. திருகோணமலையை நாங்கள் திருமலை என்போம். திருமலையிலும், திருமலையிலேயே, திருமலையில்தான், திருமலையில் மட்டும், திருமலையிலாவது என்று ஐந்து விதமாகச் சொன்னால் அவை ஐந்தும் வெவ்வேறு கூற்றுகள். ஒட்டு எந்தச் சொல்லோடு இருக்கிறதோ அந்தச் சொல்லுக்கே எல்லை. வாக்கியத்தை எப்படிப் புரட்டி வைத்தாலும் அது குலைவதில்லை. ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது சொல் நிற்கும் இடம். சில ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டு விறாந்தையில், போட்டிப் பரீட்சைகளுக்குத் தோற்றும் இளையோர் ஆறேழு பேர் ஆங்கிலக் கட்டுரை எழுதிப் பழகுகிறார்கள். 2022 பெப்ரவரி 25 ஆம் திகதி பாதுகாப்புச் சபையில் உக்ரைன் தொடர்பான தீர்மான வரைவுக்கு 11 நாடுகள் ஆதரவளித்தன. சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் நடுநிலை வகித்தன. ரஷ்யா மட்டும் எதிர்த்தது, அந்த ஒரு வாக்கு வீட்டோ என்பதால் வரைவு தோற்றது. இதை எழுதிய பிள்ளை ஒருத்தி ‘மட்டும்’ என்ற சொல் தமிழில் பெயருக்குப் பின்னால் வருவதால் ‘ரஷ்யா ஒன்லி வோட்டட் எகெய்ன்ஸ்ட்’ என்று எழுதினாள். ரஷ்யா எதிர்த்து வாக்களிக்க மட்டுமே செய்தது, வேறொன்றும் செய்யவில்லை என்றும் அதைப் படிக்கலாம். உக்ரைனுக்குள் படை நுழைந்த மறுநாள் நடந்த வாக்கெடுப்பைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம் நிற்கக்கூடாது. ‘ஒன்லி’ எதை அடைக்கவேண்டுமோ அதற்கு நேர் முன்னால் அதை வைக்கவேண்டும் என்பதை மட்டுமே அன்று முழுவதும் பழகினோம்.

எங்கள் வகுப்பில் மிக நீண்ட நேரத்தை எடுத்துக்கொண்ட சொல் ‘பெரும்பாலும்’. தமிழில் அது இரண்டு வேலை செய்கிறது. ‘அந்தத் தீவில் பெரும்பாலும் மீனவர்களே வசிக்கிறார்கள்’ என்னும்போது அது எத்தனை பேர் என்பதைச் சொல்கிறது. ‘பேச்சுவார்த்தை பெரும்பாலும் தோல்வியடையும்’ என்னும்போது எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கிறது. முதலாவது பரப்பு, இரண்டாவது நிச்சயம். நம்மவர்கள் இரண்டுக்கும் ‘மோஸ்ட்லி’ என்றே எழுதுகிறார்கள். ‘மோஸ்ட்லி தி டோக்ஸ் வில் ஃபெயில்’ என்று ஒருவர் எழுதினால், பேச்சுவார்த்தையின் பெரும்பகுதி தோற்று ஏதோ ஒரு சிறுபகுதி வெல்லும் என்று வெளிநாட்டு வாசகர் விளங்கிக்கொள்வார். நிச்சயத்தைச் சொல்ல ‘ப்ரொபப்ளி’ அல்லது ‘லைக்லி’. பரப்பைச் சொல்ல ‘மோஸ்ட்’ அல்லது ‘மோஸ்ட்லி’. இதைப் பிள்ளைகளுக்கு விளக்கச் சிறந்த எடுத்துக்காட்டு காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழுவின் அறிக்கைகள். அவர்கள் ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்குக் குறையாத வாய்ப்பு, ‘வெரி லைக்லி’ என்றால் 90 சதவீதத்துக்குக் குறையாதது, ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ என்றால் 95 சதவீதத்துக்குக் குறையாதது என்று ஒவ்வொரு சொல்லுக்கும் எண்ணைக் கட்டிவைத்திருக்கிறார்கள். புவி வெப்பமடைவதில் மனிதரின் பங்கைப் பற்றிப் பேசும்போது 2001 இல் ‘லைக்லி’ என்றும், 2007 இல் ‘வெரி லைக்லி’ என்றும், 2013 இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ என்றும் எழுதி, 2021 இல் ஐயத்துக்கு இடமில்லை என்னும் பொருள்பட ‘அன்எக்விவகல்’ என்ற சொல்லுக்கு வந்துசேர்ந்தார்கள். இருபது ஆண்டுகளில் சேர்ந்த சான்றின் கனம் நான்கு சொற்களில் தெரிகிறது. அதைவிட நுட்பமானது இன்னொன்று. 2007 இல் வெப்ப உயர்வின் ‘மோஸ்ட்’ என்று எழுதப்பட்டது 2013 இல் ‘மோர் தன் ஹாஃப்’ என்று மாறியது. ‘மோஸ்ட்’ என்றால் பாதிக்கு மேலா, பத்தில் ஒன்பதா என்று வாசகர் தடுமாறக்கூடும். ‘பாதிக்கு மேல்’ என்பதில் அந்தத் தடுமாற்றம் இல்லை. ஒரே வாக்கியத்தில் நிச்சயத்துக்கு ஒரு சொல்லும் பரப்புக்கு ஒரு சொல்லும் தனித்தனியே நிற்பதைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் காணலாம்.

சொல்லுக்கு எண் கட்டாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1951 ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்று உண்டு. யூகோஸ்லாவியா மீது அவ்வாண்டில் படையெடுப்பு நிகழ ‘சீரியஸ் பொசிபிலிட்டி’ இருப்பதாக அமெரிக்க உளவு மதிப்பீடு ஒன்று கூறியது. அதைத் தயாரித்தவர்களுள் ஒருவரான ஷெர்மன் கென்ட் நூற்றுக்கு 65 என்ற அளவிலான வாய்ப்பையே மனதில் வைத்திருந்தார். பிறகு தம்முடன் இருந்த சகாக்களிடம் அவர் விசாரித்தபோது, ஒருவர் நூற்றுக்கு 20 என்றும் இன்னொருவர் 80 என்றும் நினைத்தே அதே சொல்லுக்கு ஒப்புதல் அளித்திருந்தது தெரியவந்தது. அறிவும் பயிற்சியும் உள்ள, ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அவர்கள். இதை அறிந்த பிறகு, ஆங்கிலம் நம் மொழி அல்ல என்பதால்தான் தடுமாறுகிறோம் என்ற தாழ்வுணர்ச்சி என் வகுப்பில் குறைந்ததைக் கண்டேன்.

சிறியவை சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நம் செய்திகளில் ‘100 பேர் வரை கலந்துகொண்டனர்’ என்றால் ஏறத்தாழ நூறு பேர். அதை ‘அப் டு’ என்று மாற்றினால் நூறு என்பது தாண்டாத மேல்வரம்பாகிவிடும். ‘மிகப் பெரிய’ என்பது தமிழில் வெகு பெரியதையும் குறிக்கும், எல்லாவற்றிலும் பெரியதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு உருவங்கள். எங்கள் துறைமுகத்தைப் பற்றி எழுதும் திருமலைப் பிள்ளை எவரும் ஒருமுறையாவது ‘தி பெஸ்ட் நச்சுரல் ஹாபர் இன் தி வேர்ல்ட்’ என்று எழுதாமல் இருந்ததில்லை. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் ஆழமா, பரப்பா, புயலிலிருந்து தரும் காப்பா, எந்த அளவுகோலில் என்று சொல்லாத இடத்தில் ‘வன் ஒஃப் தி ஃபைனெஸ்ட்’ என்பதே நேர்மையானது.

இனி, என் மனதுக்கு மிக நெருக்கமானதும் மிகவும் கடினமானதுமான சொற்றொடருக்கு வருகிறேன். ‘சர்வதேச சமூகம்’ என்று நாம் எத்தனை ஆண்டுகளாக எழுதி வருகிறோம்! சர்வதேச சமூகம் பார்த்துக்கொண்டிருந்தது, சர்வதேச சமூகம் கைவிட்டது, சர்வதேச சமூகம் தலையிடவேண்டும். போரின் இறுதி மாதங்களில் எங்கள் வீட்டிலும் அயலிலும் அந்தச் சொல் ஒரு வேண்டுதலைப் போல ஒலித்தது. அதைச் சொன்னவர்களின் துயரத்தை நான் அறிவேன், அதில் நானும் ஒருத்தி. ஆயினும் ஆங்கிலத்தில் ‘தி இன்டர்நேஷனல் கம்யூனிட்டி’ என்று எழுதும்போது வாசகர் கேட்கும் முதற்கேள்வி, யார் என்பது. ஐ.நா. உறுப்பு நாடுகள் 193 உமா? பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களா? நிதி வழங்கும் சில நாடுகளா? ஒரு கட்டுரையில் நான் இந்தச் சொல்லை ஒன்பது முறை பயன்படுத்தியிருந்தேன். ஆசிரியர் ஒன்பதையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் பெயரை எழுதுமாறு திருப்பி அனுப்பினார். ஓரிடத்தில் அது பிரித்தானியாவும் பிரான்சுமாக இருந்தது; ஓரிடத்தில் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் அலுவலகம். மூன்று இடங்களில் யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை, அந்த மூன்று வாக்கியங்களையும் நீக்கினேன். பெயரைப் போட்டபிறகு கட்டுரையின் குற்றச்சாட்டு வலுத்தது. முகமில்லாத ஒன்றைக் குற்றம் சாட்டினால் எவரும் பதில் சொல்லத் தேவையில்லை; பெயரைச் சொன்னால் பெயருக்குரியவர் பதில் சொல்லவேண்டும்.

‘பெரும்பான்மை’ என்ற சொல்லையும் இதே கண்டிப்போடு அணுகவேண்டும். 2021 மார்ச்சில் அதே மனித உரிமைகள் பேரவை இலங்கை தொடர்பாக நிறைவேற்றிய தீர்மானத்துக்கு 22 நாடுகள் ஆதரவாகவும் 11 நாடுகள் எதிராகவும் வாக்களித்தன; 14 நாடுகள் நடுநிலை வகித்தன. ‘அ மஜோரிட்டி ஒஃப் தி கவுன்சில்’ ஆதரித்தது என்று எழுதினால் தவறு, ஏனெனில் 47 இல் பாதிக்கு மேல் என்றால் 24 வேண்டும். தீர்மானத்தை எதிர்த்தவர்கள் அந்தக் கணக்கைக் காட்டி, பேரவையின் பெரும்பான்மை ஆதரிக்கவில்லை என்றார்கள். அதுவும் எண்ணளவில் சரி, ஆனால் எதிர்த்தவர்களைப் போல இரண்டு மடங்கினர் ஆதரித்தார்கள் என்பதை மறைக்கிறது. 2022 ஒக்டோபரில் ஆதரவு 20, எதிர்ப்பு 7, நடுநிலை 20 என்று வந்தபோது என் மாணவர்கள் தாமாகவே எண்களை முதலில் எழுதிவிட்டு, பிறகே அதற்குப் பொருந்தும் சொல்லைத் தேடினார்கள்.

ஒரு சொல் இல்லாமையும் எல்லையை மாற்றும். 1967 நவம்பர் 22 ஆம் திகதி பாதுகாப்புச் சபை ஏகமனதாக நிறைவேற்றிய 242 ஆம் இலக்கத் தீர்மானம், அண்மைய போரில் கைப்பற்றப்பட்ட நிலப்பரப்புகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகவேண்டும் என்கிறது. ஆங்கில வாசகத்தில் ‘டெரிட்டரீஸ்’ என்பதற்கு முன் ‘தி’ இல்லை. எல்லா நிலப்பரப்புகளிலிருந்துமா, சிலவற்றிலிருந்தா என்ற சர்ச்சை அந்த இடத்திலிருந்து கிளம்பி இன்றுவரை ஓயவில்லை; ‘தி’ போன்ற நிச்சயச் சுட்டோடு அமைந்த பிரெஞ்சு வாசகத்தை ஒரு தரப்பு காட்டுகிறது, ஆங்கில வாசகத்தை மறுதரப்பு காட்டுகிறது. நம் மொழியில் அத்தகைய சுட்டு இல்லாததால் ‘தி’ நமக்கு அலங்காரமாகத் தெரிகிறது, நினைத்தால் போடுகிறோம், மறந்தால் விடுகிறோம். ‘தி கன்ட்ரீஸ்’ என்றால் முன்பே குறித்த அந்த நாடுகள் அனைத்தும், ‘கன்ட்ரீஸ்’ என்றால் வரையறுக்காத நாடுகள் என்று ஒவ்வொரு முறையும் நிறுத்தி யோசிக்கவேண்டியிருக்கிறது. எனக்கு இன்றும் அது தானாக வருவதில்லை.

சம்பூரிலிருந்து வரும் மாணவன் ஒருவன் 2021 ஆம் ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டைப் பற்றி எழுதினான். இந்தியாவுடன் சேர்ந்து சம்பூரில் அமையவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016 இல் கைவிடப்பட்டதை ஊரோடு வாழ்ந்து கண்டவன் என்பதால் அவனுக்கு அது வெறும் பரீட்சைத் தலைப்பு அல்ல. உலகம் நிலக்கரியை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது என்று எழுதியிருந்தான். இறுதி வாசகத்தை அருகில் வைத்து இருவரும் படித்தோம். முடிவுக்குக் கொண்டுவருதல் என்னும் ‘ஃபேஸ் அவுட்’ கடைசி நேரத்தில் இந்தியா முன்வைத்த திருத்தத்தால் படிப்படியாகக் குறைத்தல் என்னும் ‘ஃபேஸ் டவுன்’ ஆனது. அதற்குமுன் ‘அன்அபேட்டட்’ என்ற அடை வேறு, அதாவது வெளியேறும் கரியமிலவாயுவைப் பிடித்து அடக்காத நிலக்கரி மின்சாரம் மட்டும். அத்தோடு அது நிலக்கரி மின்சாரத்தைப் பற்றிய வாசகம். உருக்காலையில் எரியும் நிலக்கரியைப் பற்றி அது பேசவில்லை. மூன்று வேலிகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு அவன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். அவன் ஏமாற்றம் எனக்கு விளங்கியது. ஆனால் அந்த வேலிகளை அறிந்தவனே அவற்றை அகற்றச் சொல்லிக் கேட்க முடியும்.

இப்படியே கண்டித்துக்கொண்டிருந்ததில் வேறொரு தீங்கு வந்தது, அதற்குப் பொறுப்பு நானே. பிழை வந்துவிடும் என்று அஞ்சிய பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் ‘சம்’, ‘மே’, ‘பொசிப்ளி’, ‘டு சம் எக்ஸ்டெண்ட்’ என்று நான்கு தடைகளைப் போடத் தொடங்கினார்கள். அப்படி எழுதினால் எவரும் மறுக்கமுடியாது, ஆனால் அதில் மறுப்பதற்கு ஒன்றுமே இல்லை. குறைத்துச் சொல்வதும் மிகைப்படுத்துவதைப் போலவே ஆபத்தானது. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றருகே சீனப் படைகளால் நெருக்கப்பட்டபோது, பிரித்தானிய பிரிகேடியர் பிரோடி தம் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை ‘அ பிட் ஸ்டிக்கி’ என்று அறிவித்தார். பிரித்தானியர் காதுக்கு அது பேராபத்தின் அறிவிப்பு; அமெரிக்கர் அதைச் சமாளிக்கக்கூடிய சிறு சிரமமாக எடுத்துக்கொண்டார். சுற்றிவளைக்கப்பட்ட க்ளொஸ்டர்ஷயர் படையணியில் பெரும்பாலானோர் சில நாட்களுக்குள் கொல்லப்பட்டனர் அல்லது சிறைபிடிக்கப்பட்டனர். இதைச் சொல்லி, ஒரு வாக்கியத்தில் ஐயச்சொல் ஒன்றே இருக்கலாம், அதுவும் உண்மையிலேயே ஐயம் உள்ள இடத்தில் இருக்கவேண்டும் என்று வகுப்பில் முடிவுசெய்தோம். எண்ணிக்கையில் ஐயமானால் எண்ணுக்கு முன்னால், நிகழுமா என்பதில் ஐயமானால் வினையோடு. எண் கிடைக்கும் இடத்தில் அடைமொழியே வேண்டாம். அதற்காக ஒவ்வொரு கட்டுரையும் எழுதுமுன் கொப்பியின் ஓரத்தில் எத்தனை, யார், எங்கே, எப்போது வரை, எவ்வளவு உறுதி என்று எழுதி விடைகளை நிரப்பிக்கொள்கிறார்கள். விடை நிரம்பாத கேள்வி எதுவோ அதைப் பற்றி உறுதியாக எழுதுவதில்லை.

அண்மையில் சீனன்குடாவைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எங்கள் ஊர் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி எழுதினான். பிரித்தானியர் கட்டிய அந்தத் தாங்கிகளில் 99 ஐப் பற்றி 2022 ஜனவரியில் உடன்பாடு கைச்சாத்தானது. தாங்கிகள் ‘லார்ஜ்லி’ இந்தியாவின் கைக்குப் போய்விட்டன என்பது அவன் முதல் வாக்கியம். எதை எண்ணி ‘லார்ஜ்லி’ என்றாய் என்று கேட்டேன். இருவரும் கணக்குப் பார்த்தோம். இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்திய நிறுவனமான லங்கா ஐஓசிக்கு 14, எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அந்தக் கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், லங்கா ஐஓசிக்கு 49 சதவீதம். இந்திய நிறுவனம் தனியே வைத்திருப்பது 14 என்று பார்த்தால் ‘லார்ஜ்லி’ பொய். இந்திய நிறுவனத்துக்குப் பங்குள்ளவை 75 என்று பார்த்தால் ‘லார்ஜ்லி’ ஓரளவு நிற்கும், ஆனால் ‘கைக்குப் போய்விட்டன’ என்பது நிற்காது. அவன் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு மூன்று எண்களையும் இரண்டு சதவீதங்களையும் எழுதினான். அடுத்த சனிக்கிழமை வந்து, படியேறும்போதே, “மிஸ், குத்தகை 50 வருசத்துக்கு எண்டதை விட்டிட்டன்” என்றான். கொப்பியைத் திறந்து ‘எப்போது வரை’ என்ற கேள்விக்கு எதிரே அதை எழுதிவிட்டு, வாக்கியத்தின் இறுதியிலும் சேர்த்துக்கொண்டான்.